தரையைத் தொடாத டயர்

சென்னையில் என்னைத் தமிழன் என்று எடுத்த எடுப்பில் யாரும் நம்பவில்லை. நான் ஓட்டிப் போன காரில் கேரளத்து நம்பர். கிண்டி சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, “சேட்டா, லெப்ட்ல போறதுன்னா லெப்ட்ல நில்லு. நடுவுல நின்னுகினு இன்னா யோசன?” என்றார்.

“அண்ணே, நான் தமிழ்தான்” என்றேன்.

“அப்ப சொன்னது நல்லாவே புரிஞ்சிருக்குமே. நவுரு!”

நகர்ந்தேன்.

எங்கள் வீடு மூணாறில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். தாத்தாவின் அப்பா மலையேறிய காலத்திலிருந்து வீட்டுக்குள் தமிழ்தான். ஆனால் மூணாறு கடைத்தெருவில் மலையாளிகளுக்கு நான் பாண்டிக்காரன். சென்னையில் சேட்டா. நடுவில் போடிமெட்டு எல்லை செக்போஸ்டில் மட்டும்தான் நான் நானாக இருந்தேனோ என்னவோ.

போனது அக்காவை அழைத்துவர. செல்வி அக்கா திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபோது சென்னைக்காரர் ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்டு அடையாறுக்குப் போனவள். இது அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வரவேண்டும். அப்பா கட்டிலோடு கிடக்கிறார், அவரை விட்டு அம்மா அசைய முடியாது. ஆகவே பிறந்த வீடு என்று போனது நான் ஒருவன்தான். கிளம்பும்போது அம்மா ஓர் இலவம்பஞ்சுத் தலையணையைப் பின் சீட்டில் வைத்தாள். “அவ முதுகுக்கு வை. வளைவு வந்தா மெல்லத் திருப்பு” என்றாள்.

நாள் இறுக்கமாக இருந்தது. ஏழாம் மாதம் முடிவதற்குள் போவதென்றால் நிறுத்தி நிறுத்திப் போகலாம், அதற்கப்புறம் மலைப்பாதை வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அக்காவின் மாமியார் கணக்குப்படி சனிக்கிழமை எட்டு பிறக்கிறது; எட்டாம் மாதத்தில் பிள்ளைத்தாய்ச்சி ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. டாக்டரும் மாமியாரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது அந்தக் குடும்பத்தில் அதுவே முதல் தடவை என்று மச்சான் சொன்னார். வியாழக்கிழமை வளைகாப்பு, வெள்ளிக்கிழமை விடியற்காலை புறப்பாடு. இதுதான் திட்டம்.

கார் என்னுடையது அல்ல. நான் வேலை பார்க்கும் பள்ளியில் கணக்கு எடுக்கும் முத்தையா சாருடையது. பழைய மாடல். ஆனாலும் சீட்டில் கம்பெனிக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறையை இன்னும் அவர் எடுக்கவில்லை; வேகத்தடையில் ஏறினால் ஆள் வழுக்கிக்கொண்டு கதவோரம் போய்விடுவார். ஓடும் டயர் நான்கையும் நடுவில் ஒருமுறை மாற்றியிருந்தார். சாவியைக் கொடுக்கும்போது டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைக் காட்டினார். “பாருங்க சார், வண்டியோட வந்தது. இன்னிக்கு வரைக்கும் தரையைத் தொட்டதில்ல.” ரப்பர் மேல் முளைத்திருக்கும் சின்னச் சின்ன முடிகூட உதிரவில்லை. வண்டிக்குப் பூஜை போட்ட அன்று வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து அப்படியே ஒட்டியிருந்தது. நானும் வியந்து பார்த்தேன். எங்கள் லயத்திலும் அப்படித்தான். புது டம்ளரில் கடைக்காரன் ஒட்டிய தாளைக் கிழிக்க மாட்டோம். நல்ல போர்வை டிரங்குப் பெட்டியில் இருக்கும். நாங்கள் குளிரில் இருப்போம்.

புதன்கிழமை மத்தியானம் அடையாறு போய்ச் சேர்ந்தேன். பெரிய அடுக்குமாடிகளுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்து முனையில் தூங்குமூஞ்சி மரத்தடியில் அக்காவின் மாமியார் அஞ்சலை அத்தையின் இஸ்திரி வண்டி. கரிப்பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். “வாப்பா மூணாறு! உங்க ஊர்ல சோறே போட மாட்டாங்களா? குச்சியாட்டம் கீறே!”

அக்கா வாசலுக்கு வந்தாள். வயிறு அவளுக்கு முன்னால் வந்தது. “வா. இன்னா இவ்ளோ லேட்டு? சாப்ட்டியா?” என்றாள்.

அந்த ‘இன்னா’ எனக்கு எங்கேயோ இடறியது. இரண்டு வருஷத்தில் ஒருவருக்குப் பேச்சு மாறாதா என்ன? ஆனால் அந்தக் குரலில் அவ்வளவு நாள் நான் கேட்டிருந்தது வேறு பேச்சு. மீன் குழம்பு போட்டாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து வந்து போனார்கள். எங்கள் இருவருக்கும் பேச இடமே கிடைக்கவில்லை.

அவர்கள் வீடு ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. ராத்திரி நான் தி.நகரில் ஒரு லாட்ஜில் தங்கினேன். ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு கட்டடத்தின் சுவர். அந்தச் சுவருக்குப் பின்னால் யாரோ தொடர்ந்து கரண்டியால் எதையோ கிண்டிக்கொண்டிருந்தார்கள். கீழே மெஸ்ஸில் சாப்பிடப் போனால் என் மேஜையிலேயே இன்னும் மூன்று பேரை உட்கார வைத்தார்கள். மூன்று பேரும் மூன்று போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். எதிரே இருந்தவரிடம் “சாம்பார் நல்லா இருக்கு” என்றேன். அவர் நிமிர்ந்து, இந்த ஆளை எனக்குத் தெரியுமா என்று யோசித்துவிட்டு, சாம்பார் வாளியை என் பக்கம் தள்ளினார். எங்கள் ஊர் டீக்கடையில் மழைக்கு ஒதுங்கிய ஆளிடம்கூடப் பத்து நிமிஷத்தில் குலம் கோத்திரம் வரை கேட்டுவிடுவார்கள். தொல்லை என்று நினைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை சந்து முழுக்க அடைத்துப் பந்தல். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா, கழுத்து கொள்ளாத மாலை. புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் என்று ஏனங்கள் வரிசையாக இருந்தன. ஒரு மூத்த பெண்மணி சத்தமாகக் கேட்டார். “பொண்ணு வூட்லேர்ந்து யாருமா வந்துகீறாங்க? மொத வளையல் அவங்கதானே போடணும்?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு பெண்கள் கூட்டத்தின் நடுவில் ஒரே ஆம்பிளையாக நின்றேன்.

“இவரா? மீசகூட ஒழுங்கா மொளைக்கல!” என்று யாரோ சொல்ல, சிரிப்பு. வளையல் போடுவது ஆண்கள் வேலை இல்லை. கடைசியில் அஞ்சலை அத்தை என் தாம்பாளத்திலிருந்து இரண்டு வளையலை எடுத்து, “இது அவங்கம்மா போட்டதா கணக்கு” என்று சொல்லி அக்கா கையில் ஏற்றினார். அந்த ஒரு வரிக்காக அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “டேய், நாளைக்கு எத்தன மணிக்கு?”

“அஞ்சு மணிக்கு வண்டி வாசல்ல நிக்கும்.”

“பூப்பாறைல நிறுத்தணும். டீ குடிக்கணும். இஞ்சி போட்டு.” குரல் தணிந்தது. பேச்சும் மாறியது, எங்கள் வீட்டுப் பேச்சாக. “எனக்குப் புளியும் வேணாம், மாங்காயும் வேணாம்டா. குளிரணும். அது ஒண்ணுதான் மசக்கை. வேர்க்காம ஒரு ராத்திரி தூங்கணும். இத இங்கிட்டு யார்ட்டயும் சொல்ல முடியாது, சிரிப்பாங்க.”

“நாளைக்கு ராத்திரி ரெண்டு போர்வை கேப்ப, பாரு” என்றேன்.

மத்தியானம் லாட்ஜில் சாமான் எடுத்துவரக் காரில் தி.நகர் போனேன். பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு தெருவில் ஸ்டியரிங் தானாக இடது பக்கம் இழுத்தது. முன்னாலிருந்து தட், தட் என்று ஒரு சத்தம். உடனே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்தத் தெருவில் நிறுத்த எங்கே இடம்? பின்னால் ஹார்ன். ஒரு தெரு தாண்டி நிழல் கிடைக்கும் வரை உருட்டிக்கொண்டு போனேன். பூக்காரம்மா ஒருவர் கையை ஆட்டிக் கத்தினார். “சேட்டா! காத்து சுத்தமா எறங்கிக் கீது! ரிம்முல போய்க்கினு கீறே!”

இடது முன் சக்கரம் சப்பையாக இருந்தது. சம தரையாகப் பார்த்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன். வண்டியை ஜாக்கியில் தூக்கும் முன்பே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கியபின் முக்கினால் வண்டி ஆடி ஜாக்கி சரிந்துவிடும். மலைக்காரனுக்கு இதெல்லாம் கைப்பழக்கம். தளர்த்திக்கொண்டிருந்தபோது சந்துக்குள்ளிருந்து ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். லுங்கி, நரைத்த தாடி. அங்கேயே பஞ்சர் கடை. ரஹீம் பாய்.

“விடு விடு. கடைக்கே தள்ளிட்டு வந்திருக்கலாமே, நைனா” என்று சொல்லிச் சக்கரத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டு போனார். கடை என்பது ஒரு கம்ப்ரஸர், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பெஞ்சு. பெஞ்சில் அவருடைய அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

ஆணி தெரிந்தது. பாய் குறடை எடுத்துப் பிடுங்கப் போனார்.

“பாய், பிடுங்காதீங்க. முதல்ல எங்க ஏறியிருக்குன்னு பாப்போம்” என்றேன்.

“ஆணி டயர்ல ஏறிக்கீது. வேற எங்க ஏறும்?” என்றவர், என் முகத்தைப் பார்த்து, “சரி வைத்தியரே, நீயே பாரு” என்று தள்ளி நின்றார்.

ஆணி ஏறியிருந்த இடம் தரையில் படும் தட்டையான பகுதி அல்ல. அது முடிந்து பக்கவாட்டுக்கு வளைகிற ஓரம். டயரின் தோள் என்று எங்கள் ஜீப் ஸ்டாண்டில் சொல்வார்கள். பாய் ரப்பர் குச்சியைப் பசையில் தோய்த்துக்கொண்டே, “அஞ்சு நிமிசம். அடச்சிர்றேன். கன்னியாகுமரி வரைக்கும் போ” என்றார்.

தட்டையான இடத்தில் என்றால் நானும் சரி என்றிருப்பேன். அங்கேகூட டயரைக் கழற்றி உள்ளே பார்த்து, உள்பக்கமிருந்து ஒட்டுப் போடுவதுதான் நெடுந்தூரத்துக்கு நல்லது. தோளிலும் பக்கவாட்டிலும் டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிரும். ஒட்டு நிற்காது. வளைவில் பாரம் முழுக்க அந்தத் தோளில்தான் சாயும். இதையெல்லாம் நான் கையால் வளைத்துக் காட்டிச் சொல்லிக்கொண்டே போனேன். பெஞ்சில் இருந்த அண்ணன் உருதுவில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

“என்ன சொல்றாரு?” என்றேன்.

“ஒண்ணுமில்ல. அட்டெண்டன்ஸ் எடுக்காமயே பாடம் ஆரம்பிச்சிட்டானேன்னு கேக்குறாரு.”

“வாத்தியார்தான் பாய். சயின்ஸ்.”

அண்ணன் இன்னும் சத்தமாகச் சிரித்தார்.

இருந்தாலும் பாய் டயரை ரிம்மிலிருந்து கழற்றினார். கவிழ்த்ததும் உள்ளேயிருந்து கறுப்புத் தூள் கொட்டியது. அரைத்த மிளகுபோல. நான் காற்றில்லாமல் உருட்டிய அந்த ஒரு தெருவுக்குள் பக்கச் சுவர் உள்பக்கம் நசுங்கி அரைபட்டிருந்தது. இதற்கு மேல் ஆணி எங்கே இருந்தால் என்ன?

“இது அவுட்டு” என்றார் பாய். வாதத்தில் ஜெயித்த மாதிரியோ தோற்ற மாதிரியோ சொல்லவில்லை. “ஸ்டெப்னி கீதுல்ல?”

டிக்கியைத் திறந்தேன். பாய் முகம் மலர்ந்துவிட்டது. “அட! பொண்ணு மாதிரி வச்சிருக்கான்! முடிகூட தேயல. பொட்டு வேற!” தூக்கிவந்து காற்று ஏற்றினார். “இத மாட்டிக்கினு போய்க்கினே இரு.”

டயர் விம்மியது. அவர் அதைச் சுழற்றியபோது பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் அச்சிட்ட நாலு எண் என் கண்ணில் பட்டது. எங்கள் மலையில் டயர் வாங்கினால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். முதல் இரண்டு எண் வாரம், பின் இரண்டு எண் வருஷம். பதினொன்று என்று முடிந்தது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயது ஆகிக்கொண்டுதான் இருக்கும். முத்தையா சார் காட்டியபோது நான் பார்த்தது ரப்பர் முடியையும் சந்தனப் பொட்டையும். எண்ணைப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை.

“பாய், வருஷத்தப் பாருங்க.”

பாய் குனிந்தார். கட்டைவிரலால் பக்கவாட்டை அழுத்திக்கொண்டே சுற்றி வந்தார். காற்று ஏறிய பிறகுதான் அது தெரிந்தது. ரிம் ஓரமெங்கும் மயிரிழை வெடிப்புகள், கோடையில் குதிகால்போல. அழுத்தின இடத்தில் வாய் திறந்து மூடின. அவர் விரலை எடுத்துவிட்டார். அண்ணனிடம் உருதுவில் சொன்னார். அண்ணன் எழுந்து வந்து பார்த்துவிட்டு, தமிழிலேயே, “உள்ளூர்ல மெதுவா ஓட்டு. அவ்ளோதான்” என்றார்.

“வண்டில யாரு வர்றா?” என்று கேட்டார் பாய்.

“அக்கா. ஏழு மாசம். நாளைக்கு விடியக்காலைல மலைக்கு.”

பாய் காற்றுக் குழாயைக் கழற்றிக் கீழே வைத்தார். “மாட்டித் தரேன். ஆனா அந்த வண்டில மலைக்கு நான் ஏற மாட்டேன், எங்க வூட்டுப் பொம்பளைங்களையும் ஏத்த மாட்டேன்” என்றார். பிறகு போனை எடுத்தார். யார் யாரையோ அழைத்தார். ஒவ்வொருவரிடமும் டயர் அளவைச் சொன்னார். ஒவ்வொருவரும் அதையே திருப்பிக் கேட்டார்கள் போலிருந்தது. பழைய மாடல், அந்த அளவை யாரும் கடையில் வைப்பதில்லை. கடைசியில் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு குடோனில் இருப்பதாகத் தெரிந்தது. ஆனால் குடோன்காரர் வெளியூரில். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். விடிந்தால் எட்டாம் மாதம்.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, சைக்கிள்கள் என்னை முந்த, ஊர்ந்து ஊர்ந்து அடையாறு போனேன். சந்துக்குள் அக்காவின் பை, ஒரு கூடை, வெந்நீர் பிளாஸ்க் எல்லாம் வாசலில் தயாராக இருந்தன. பையின் மேல் அக்காவின் கம்பளிச் சட்டை. இந்த வெயிலில் அதைத் தேடி எடுத்து வைத்திருந்தாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். மச்சான் ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் வேலை செய்பவர், இரும்பு தெரிந்தவர். “ஒரு நாளுக்கு ஒண்ணும் ஆவாது மச்சான்” என்று ஆரம்பித்தவர், வெடிப்பைப் பார்த்ததும் போனைக் கையில் எடுத்தார். வாடகை வண்டிகளுக்கு அடித்தார். மாசமான பொம்பளையை ஏற்றிக்கொண்டு மலைக்கு வரமாட்டோம் என்றார்கள். ரயிலில் இடமில்லை. பஸ்ஸை டாக்டரம்மா முன்பே வேண்டாம் என்றிருந்தார்.

அஞ்சலை அத்தை காரைச் சுற்றி வந்தார். சந்தனப் பொட்டைப் பார்த்தார். “பொட்டு வச்ச புது டயரு. இத்தப் போயி ஆவாதுன்ற?”

“பார்க்கத்தான் புதுசு அத்தை. வயசாயிடுச்சு. சூட்டுல, வேகத்துல, வளைவுல எங்க வேணா வெடிக்கும்.”

“எனுக்குப் புரியுதுப்பா.” குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “உங்க வூட்ல ஏற்கெனவே ஒருத்தர் படுத்துக்கினு கீறாரு. இதுல இவளையும் புள்ளையையும் யாரு பாக்குறதுன்னு யோசிச்சிருப்பீங்க. இட்டுக்கினு போவ மனசில்லன்னா நேராவே சொல்லிருக்கலாம். ஒரு டயரு மேல இன்னாத்துக்குப் பழியப் போடுற?”

வகுப்பில் இழுவிசையும் மீள்தன்மையும் மணிக்கணக்காகப் பேசுகிற நான், அக்கா பேசுவாள் என்று அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மெல்ல வந்து, ஒரு கையைப் பானெட்டில் ஊன்றி, குனிய முடியாமல், மச்சான் பிடித்த செல்போன் வெளிச்சத்தில் டயரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கம்பளிச் சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

லாட்ஜுக்கு வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டாள். பின்னால் அப்பா இருமுவது கேட்டது.

“எந்த வருசத்து டயருன்னு சொன்ன?”

சொன்னேன்.

“செல்வி பள்ளிக்கூடம் நின்ன வருசம்” என்றாள் அம்மா. நான் ஏழாம் வகுப்பு போன வருஷமும் அதுதான். அதை அவள் சொல்லவில்லை. “சரி. நல்லதுதான் செஞ்ச. சாப்ட்டுப் படு” என்று வைத்துவிட்டாள். அக்கா வந்து படுக்கவென்று கட்டிலில் வெளுத்த துணி விரித்து வைத்திருப்பாள். அதை இப்போது மடிப்பாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை, புறப்பாட்டுக்காக வைத்த அலாரம் அடித்தது. அணைக்க மறந்திருந்தேன். எழுந்து முகம் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு, பிறகுதான் போக இடமில்லை என்பது உறைத்தது.

நடந்தே மயிலாப்பூர் போனேன். குளத்தைச் சுற்றி வந்தேன். கீரைக்காரர்கள் கட்டுகளைத் தண்ணீர் தெளித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்ன ஓட்டலில் பொங்கல் சாப்பிட்டேன். பக்கத்து மேஜையில் ஒரு வயதான தம்பதி. “ஆத்துல பால் இருக்கோன்னோ?” என்றார் அவர். “இருந்துண்டிருக்கு. நீங்க வாங்கிண்டு வந்தேள்னா நாலு நாளைக்குக் காபிதான்” என்றார் அந்த அம்மாள். இருவரும் சிரித்தார்கள். தமிழில் இன்னும் எத்தனை வீடுகள் இருக்கின்றன, ஒன்றிலும் எனக்குக் கதவு தெரியவில்லை என்று தோன்றியது. மாட வீதியில் ஒரு கடையில் இஞ்சி டீ என்று பலகை பார்த்தேன். குடிக்கவில்லை.

மத்தியானம் முழுக்க லாட்ஜ் அறையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

சாயங்காலம் பாய் அழைத்தார். டயர் இரண்டு வந்திருந்தன, ஒன்று ஓட, ஒன்று ஸ்டெப்னிக்கு. மாட்டுவதற்கு முன் பாயே டயரைத் திருப்பி எண்ணைக் காட்டினார். “பாத்துக்கோ வாத்தியாரே. இந்த வருசத்துது. அப்புறம் பாடம் எடுக்காத.” காற்று ஏற்றி, வால்விலும் ஓரத்திலும் சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரும் புதிருமாக இறுக்கினார். “கொஞ்ச தூரம் போனப்புறம் இன்னொரு தபா இறுக்கிப் பாரு.”

பழைய ஸ்டெப்னி ஓரமாகக் கிடந்தது. “இத இன்னா பண்றது? வண்டிக்காரருக்குக் கொண்டு போறியா?”

“வேணாம் பாய்.”

“அப்டியே போட்டா, புதுசுன்னு எவனாவது எடுத்து மாட்டிக்குவான்” என்றார் அண்ணன். பாய் கத்தியை எடுத்து அதன் பக்கவாட்டை மூன்று இடத்தில் கிழித்தார். சந்தனப் பொட்டு வைத்த இடம் வந்தபோது மட்டும் கத்தியை நகர்த்தி அடுத்த பக்கத்தில் கிழித்தார்.

சனிக்கிழமை காலை சொல்லிக்கொண்டு போக அடையாறு போனேன். அஞ்சலை அத்தை மரத்தடியில் கரியை விசிறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விசிறியை வைத்துவிட்டு வந்து, புது டயரைக் கட்டைவிரலால் ஓரிடத்தில் அழுத்தினார். நேற்று முன்தினம் நாங்கள் காட்டிய அதே இடத்தில். “ம்” என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய், கட்டி வைத்திருந்த புளிசாதப் பொட்டலத்தை எடுத்துவந்து முன் சீட்டில் வைத்தார்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். அவள் தோளில் கம்பளிச் சட்டை.

“அத்த, ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன். ஊர் எல்ல தாண்ட மாட்டேன்” என்றாள்.

அத்தை மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மயிலாப்பூர் வரைக்கும் போயிட்டு வா. மெதுவா இட்டுக்கினு போப்பா.”

அக்கா பின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். உடனே வழுக்கினாள். “இன்னாடா இது, சறுக்குமரமாட்டம்? இந்தக் கவரக் கிழி.”

“முத்தையா சார் கொன்னுடுவாரு.”

“எதுக்குப் பொத்திப் பொத்தி வைக்கிறாரு? யாரு உக்கார? கிழிடா!”

கிழித்தேன். எத்தனையோ வருஷமாக ஒட்டிக்கிடந்த பிளாஸ்டிக் பெரிய சத்தத்தோடு வந்தது. உள்ளே துணி நீலமாகப் புத்தம்புதிதாக இருந்தது. முதுகுக்கு அம்மாவின் தலையணையை வைத்தேன். அவள் அதை முகத்தோடு வைத்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு, முதுகுக்குக் கொடுத்துக்கொண்டாள்.

அடையாறு பாலத்தில் ஏறும்போது ஏ.சி.யை முழுக்கத் திருப்பினேன். அவள் கம்பளியைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

“போடி தாண்டியாச்சா?”

நான் கண்ணாடியில் பார்த்தேன். கண் மூடியே இருந்தது. “தாண்டியாச்சு.”

“முந்தல் அடிவாரம்?”

“வந்துருச்சு. மேல ஏறுறோம்.”

சாந்தோம் தாண்டி மயிலாப்பூர்ச் சந்துகளுக்குள் திருப்பினேன். ஒவ்வொரு முனையிலும் அவள் ஒன்று, இரண்டு என்று வளைவை எண்ணினாள். கடற்கரை ஈரக்காற்றில் கார்க் கண்ணாடிகளின் வெளிப்பக்கம் பனி படிய ஆரம்பித்தது. வைப்பரைப் போட்டு முன்னால் மட்டும் துடைத்துக்கொண்டேன். பின் கண்ணாடிகளைத் துடைக்கவில்லை. கோபுரமும் கீரைக்கடையும் பூக்கூடையும் வெள்ளையாகக் கரைந்து போயின.

அவள் கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தாள். “டேய்” என்றாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். “உள்ள நடுங்குதுடா.”

முந்தின நாள் பார்த்த கடையில் நிறுத்தி இரண்டு இஞ்சி டீ வாங்கிவந்து ஒன்றை நீட்டினேன். “பூப்பாறை” என்றேன்.

டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் குடித்தாள். பாதி குடித்துவிட்டுச் சொன்னாள். “அன்னிக்கு அவங்க பேசினப்ப நான் வாயத் திறந்திருந்தா அழுதிருப்பேன். நான் அழுதா நீ அந்த டயர்லயே கூட்டிட்டுப் போயிருப்ப. அதான் உள்ள போயிட்டேன்.”

நான் டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தபோது தூங்கிவிட்டிருந்தாள். கம்பளிக்குள் கன்னம் புதைந்து, வாய் லேசாகத் திறந்து. வேர்வை இல்லை. நேரே அடையாறு போக மனம் வரவில்லை. குளத்தை இன்னொரு தரம் சுற்றினேன். பின்னாலிருந்து ஒரு ஆட்டோக்காரர், “சேட்டா, வழி தெரியாம சுத்திக்கினு கீறியா?” என்று கத்தினார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

சந்தில் இறங்கும்போது அக்கா தலையணையை எடுத்துக்கொண்டாள். நான்கு டயரையும் ஒவ்வொன்றாக, எங்கள் ஜீப் ஸ்டாண்டில் செய்வதுபோல, கால் விரலால் லேசாகத் தட்டிப் பார்த்தாள். “போ” என்றாள்.

அன்று இருட்டும் நேரத்தில் போடிமெட்டு ஏறினேன். நிஜமான பனி. ஏ.சி.யை அணைத்துவிட்டு ஜன்னலை இறக்கினேன். நட்டுகளை வழியில் ஒருமுறை இறுக்கிப் பார்த்திருந்தேன். புது ரப்பர் ரோட்டைக் கெட்டியாகப் பிடித்தது, வேகமாகவே போயிருக்கலாம். பின் சீட்டில் ஆள் இல்லை, தலையணைகூட இல்லை. ஆனாலும் கடைசி வளைவு வரை மெல்லத்தான் திருப்பினேன்.